கேடயத்தைக் கீழே போட்ட கதை



"உபயோகமா ஏதாவது பேசுங்க சார்" என்றார்கள் விழாக் குழுவினர். நான் பேசப்போவது வீடியோ கேம் பற்றி. முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். பின்வரிசை மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு அது போதும்.

2023-ல் என் மகன் வேலை போய் வீடு திரும்பினான். சாப்பிடுவான், தூங்குவான், பேச மாட்டான். நான் வாயைத் திறந்தாலே அறிவுரை என்று எழுந்து போய்விடுவான். ராத்திரியில் மட்டும் ஹாலில் உட்கார்ந்து 'எல்டன் ரிங்' விளையாடுவான். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. வாளும் மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த உலகம். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எனக்கும் ஒரு ஆளை உண்டாக்கிக் கொடுப்பா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான், ஆனால் கொடுத்தான்.

முப்பது வருஷம் மில் பராமரிப்பில் இருந்தவன் நான். கெட்டியாக இருந்தால் தாங்கும் என்பதே என் சித்தாந்தம். கிடைத்ததில் கனமான கவசம், பெரிய கேடயம், பெரிய வாள், எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். ஸ்டார்ம்வெயில் கோட்டைக்குப் போகும் வழியில் மார்கிட் என்றொரு அரக்கன் நிற்கிறான். ஓங்கிய தடியை உடனே இறக்க மாட்டான். நாம் பதறி உருண்டு முடித்த பிறகுதான் இறக்குவான்! பதினெட்டு முறை செத்தேன்.

"அப்பா, உங்க எடையைப் பாருங்க" என்றான் மகன். பேரிங் எடுக்கும்போது லோடு பார்ப்போமே, அதே சங்கதி. நம் ஆள் தாங்கக்கூடிய சுமையில் 70 சதவீதத்துக்குள் இருந்தால் ஒழுங்காக உருண்டு தப்பலாம். அதைத் தாண்டினால் நெல் மூட்டை சாய்கிற மாதிரிதான். 30-க்குக் கீழே போனால் இன்னும் தூரம் உருளலாம், ஆனால் உடம்பில் துணிதான் மிஞ்சும். நான் கனமான கால்கவசத்தைக் கழற்றி 68-ல் நிறுத்தினேன். மார்கிட் அன்றிரவே விழுந்தான்.

ஆயுதமும் அப்படித்தான். எது நல்ல வாள் என்று கேட்டால் பதிலே கிடையாது. எதிரே நிற்பது யார் என்று கேட்க வேண்டும். ரத்தக்கசிவு உண்டாக்கும் கத்தி, பெரிய எதிரிகளின் மொத்த உயிரில் ஒரு பங்கையே ஒரேயடியாகப் பிடுங்கும். அதை எடுத்துக்கொண்டு சுரங்கத்துப் படிக மனிதர்களிடம் போனேன். படிகத்துக்கு ஏது ரத்தம்? அங்கே சம்மட்டி வேண்டும். இது பழைய மரபு. 1974-ல் அமெரிக்காவில் கைகாக்ஸும் ஆர்னெசனும் கொண்டுவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டிலேயே ட்ரோல் என்ற பூதத்துக்கு வெட்டுக்காயம் தானாக ஆறிவிடும். நெருப்போ அமிலமோதான் அதற்கு மருந்து.

என் கர்வம் அடங்கியது மலேனியாவிடம். அவள் வாள் நம் மேல் பட்டால் அவளுக்கு உயிர் ஏறும். கேடயத்தில் தடுத்தாலும் ஏறும்! தெரியாமல் மூன்று இரவு கேடயத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன்.

"நீங்க தாங்குறதா நினைக்கிறீங்கப்பா. அவளுக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டிருக்கீங்க."

சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

கேடயத்தைக் கீழே போட்டேன். கனமான வாளை இரண்டு கையாலும் பிடித்து அடித்தால் அவள் தடுமாறுவாள், அந்த நொடியில் இன்னும் ஒரு அடி. அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. காற்றில் எழும்பி நின்றால் சரமாரியாக வெட்டு வரப்போகிறது என்று அர்த்தம், ஓடிவிட வேண்டும். மருந்துக் குப்பியை அவள் எட்ட நிற்கும்போதுதான் குடிக்க வேண்டும். ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் நடுவே, திரையைப் பார்த்தபடியே, ஆபீஸில் நடந்ததை மகன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். நான் குறுக்கே பேசவில்லை. கை ரெண்டும் வேலையாக இருந்தது.

இப்போது அவன் புனேயில் வேலையில் இருக்கிறான். மலேனியாவின் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டேன். இரண்டாம் கட்டத்தில் சிறகு முளைத்து, அழுகல் நோயையும் பரப்பிக்கொண்டு வருகிறாள், அங்கேதான் நிற்கிறேன். வழி தெரிந்த மாணவர்கள் மதியம் என்னைப் பாருங்கள். சைவப் பந்தியில் இருப்பேன்.