பட்டாட்டின் கல்வரம்புகள்



மலைச்சரிவிலே படிப்படியாக வெட்டிய வயல்களைப் படத்தில் பார்ப்பது ஒன்று. அவற்றின் வரம்பிலே கால்வைத்து நடப்பது வேறொன்று. பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவிலே, இபுகாவோ மலைமக்களின் ஊராகிய பட்டாட்டில் நான் நடந்த நடையைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

மனிலாவிலிருந்து பனாவேக்கு இரவு முழுவதும் பஸ் பயணம். அங்கிருந்து ஜீப்னி. அதன்பின் கால்கள்தான். மேட்டைக் கடந்து கீழே பார்த்தால், பெரியதோர் அரங்கின் படிக்கட்டுகள்போல வயல்கள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. 1995ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த ஐந்து வயற்றொகுதிகளில் இதுவும் ஒன்று. பனாவேயில் வீதியோரம் நின்று பயணிகள் படம்பிடிக்கும் வயல்கள் அந்த ஐந்தில் அடங்கா.

எனக்கு வழிகாட்டியாக வந்தவன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞன். ஆங்கிலம் நன்றாகப் பேசினான். நான் 'தம்பி' என்று அழைக்க, பொருள் கேட்டறிந்து சிரித்தான். வயல்களுக்கு வயது 2000 ஆண்டு என்று பாடம் ஒப்புவித்தான். அண்மைக்கால அகழ்வாய்வாளரோ வேறு சொல்கிறார்கள்: ஸ்பானியர் வந்தபின் மலைக்குள் ஒதுங்கிய மக்களே, 17ஆம் நூற்றாண்டளவில், இவ்வயல்களைப் பெருக்கினார்களாம். எனக்கென்னவோ இந்தக் கதைதான் பெரிதாகப்படுகிறது. அந்நியனுக்கு அடங்க மறுத்தவர்கள் சும்மா ஒளிந்திருக்கவில்லை, மலையையே வயலாக்கினார்கள்.

அங்கே பாதை என்பது கல்வரம்பின் உச்சிதான். ஒருபுறம் சேறு, மறுபுறம் ஆளுயரத்துக்கும் மேலான பள்ளம். கவனமின்றி ஒரு விளிம்புக் கல்லிலே காலை ஊன்றினேன். கல் பெயர்ந்து கீழ்வயலில் விழுந்தது. தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தினான். ஒரு வார்த்தை ஏசவில்லை. கீழே இறங்கி, அந்தக் கல்லைத் தேடியெடுத்து, தோளில் வைத்து ஏறிவந்து, பழைய இடத்திலேயே பொருத்தினான். இரண்டு தரம் திருப்பிப் பார்த்துத்தான் பொருத்தினான். எந்த முகம் உள்ளே இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

பின்னர் நடந்துகொண்டே விளக்கினான். வயலில் எந்நாளும் நீர் நிற்கவேண்டும். காயவிட்டால் மண் வெடிக்கும். மண்புழுக்கள் துளைத்துப் புகும். அடுத்த மழைக்கு வரம்பு சரியும். ஒன்று சரிந்தால் கீழே உள்ளவையும் சரியலாம். அந்த நீரைக் காப்பது உச்சியிலே குடும்பங்கள் பேணும் காடு. அதற்கு 'முயோங்' என்று பெயர். அங்கே விளையும் 'தினாவோன்' நெல் ஆண்டுக்கு ஒருமுறைதான் விளையும். பெண்கள் சிறுகத்தியால் கதிர் கதிராக அறுக்கிறார்கள்.

ஓரிடத்திலே இரண்டு பாகம் அகலத்துக்கு வரம்பு இடிந்து கிடந்தது. கீழ்வயலெல்லாம் கல்லும் மண்ணும். தம்பி பேச்சை நிறுத்திவிட்டான்.

"இது யாருடைய வயல்?" என்றேன்.

"அக்காவுடையது."

அந்த மக்களின் வழக்கப்படி, ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்கே வயலிற் பெரும்பங்கு. அக்கா பாகியோ நகரில் வேலை செய்கிறாள். ஒரு பருவம் வயலைப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான். இளையவனான இவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு தட்டும் இல்லை. கல் சுமக்கும் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவே எங்களைப்போன்ற வழிப்போக்கரைக் கூட்டிக்கொண்டு திரிகிறான். வயல் உள்ளவள் ஊரில் இல்லை, ஊரில் உள்ளவனுக்கு வயல் இல்லை.

மறுநாட் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவன் வரவில்லை. நீர்வீழ்ச்சிக்குப் போவதாக ஏற்பாடு. எட்டு மணிவரை பார்த்துவிட்டு, சற்றுக் கோபத்தோடுதான், தேடிக்கொண்டு போனேன். இடிந்த வரம்பிலே முழங்காற் சேற்றில் நின்றான். கூட இரண்டு முதியவர்கள். இரவு பெய்த மழையில் இன்னும் கொஞ்சம் சரிந்துவிட்டதாம்.

"அரைமணி நேரம் பொறுங்கள்" என்றான்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். அடுக்கும் வேலை எனக்கு ஆகாது. கீழே கிடந்த கல்லை எடுத்து நீட்டினேன். நான் நீட்டிய கற்களிற் பாதியை ஒரு கிழவர் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒதுக்கிவைத்தார். அந்த அரைமணி நேரம் பகல் பதினொரு மணிக்கு முடிந்தது. நீர்வீழ்ச்சிக்குப் போகவில்லை.

புறப்படும்போது பேசிய கூலியைக் கொடுத்தேன். எண்ணிப்பார்த்து இரண்டாம் நாளுக்குரியதில் பாதியைத் திருப்பி நீட்டினான்.

"ஏன் தம்பி?"

"இன்று காலை நாங்கள் நடக்கவில்லையே" என்றான்.