புத்தகசாலையும் பொதுஜன அபிப்பிராயமும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



வாசகசாலையின் ஆண்டு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, மாலை போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேருவது என்பதாக ஒரு சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கிறது. அந்தக் காரியத்தை நமக்கு முன் பேசிய தோழர்கள் நன்றாகச் செய்துவிட்டபடியால், நாம் வேறொரு விஷயத்தைச் சொல்லலாம் என்று கருதுகிறோம். அதாவது, ஒரு புத்தகசாலையைத் திறப்பது கஷ்டம் என்றால், திறந்ததை மூடாமல் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம் என்பதைப் பற்றியும், மூடப்போகிறவர்கள் ஜனங்களைக் கூப்பிட்டு “உங்கள் அபிப்பிராயம் என்ன?” என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு என்பதைப் பற்றியும் பேசப்போகிறோம். இதற்கு உதாரணமாக இங்கிலாந்தில் நடந்த காரியங்களை எடுத்துக்கொள்ளுகிறோம்.

“இங்கிலாந்து சங்கதி நமக்கெதற்கு?” என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கணக்கு ஆசிரியராயிருந்து சென்னை சர்வகலாசாலைப் புத்தகசாலைக்குத் தலைவராக வந்த எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள், 1924-ல் லண்டனுக்குப் போய்ப் படித்தார். அங்குள்ள ஊர்ப் புத்தகசாலைகளைச் சுற்றிப் பார்த்தார். கூலிக்காரனும், பெண்களும், குழந்தைகளும் காசு கொடுக்காமல் உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வருவதைக் கண்டார். திரும்பி வந்து, நம் நாட்டிலும் அப்படி வேண்டுமென்று பல வருஷம் பாடுபட்டார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவருடைய உழைப்பு ஒரு முக்கிய காரணம். ஆகவே நமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. அந்தப் பள்ளிக்கூடத்தையே மூடுகிறார்கள் என்றால், ஏன், எப்படி என்று நாம் விசாரிக்க வேண்டாமா?

தோழர்களே! இங்கிலாந்திலும் புத்தகசாலை வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. 1850-ல் பார்லிமெண்டில் அதற்கான சட்டம் வந்தபோது பெரிய மனிதர்கள் எதிர்த்தார்கள். சிப்தார்ப் என்ற கர்னல் ஒருவர், தமக்குப் படிப்பதே பிடிக்காது என்றும், ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்திலேயே வெறுத்ததாகவும் சபையிலே எழுந்து சொன்னார். வேறு சிலர், ஏழைகள் கூடிப் படிக்கும் இடம் கலகம் பேசும் இடமாகிவிடும் என்று பயந்தார்கள். நாம் கேட்கிறோம்: படிப்பதால் ஒருவன் கேள்வி கேட்பான் என்பது உண்மைதானே? இந்த எதிரிகளாவது உள்ளதை ஒளிக்காமல் சொன்னார்கள்!

எதிர்ப்புக்கு நடுவே வந்த சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? வரிமதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னி வரை வரி போட்டுக் கட்டிடம் கட்டலாம், சம்பளம் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தில் புத்தகம் வாங்கக்கூடாது! அடுப்பு வாங்கலாம், அரிசி வாங்கக்கூடாது என்பதுபோல. 1855-ல்தான் அரைப் பென்னி ஒரு பென்னியாயிற்று. புத்தகம் வாங்கவும் அனுமதி வந்தது. இன்னொரு நிபந்தனையும் இருந்தது. 1850 சட்டப்படி ஓர் ஊரில் புத்தகசாலை வேண்டுமானால், ஓட்டுக் கொடுத்த வரிக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதிக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திறப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. மூடுவதற்கு? அதைத்தான் சொல்லப்போகிறோம்.

பிறகு 1964-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, புத்தகசாலை வைப்பது ஸ்தல ஸ்தாபனங்களின் இஷ்டமல்ல, கடமை. அதுவும் பெயருக்கு ஒன்று வைத்தால் போதாது. எல்லோருக்கும் எட்டும்படியாகவும் திறமையாகவும் நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் மந்திரி விசாரணை வைக்கலாம். இவ்வளவு பலமான சட்டம் இருந்தும் என்ன நடந்தது? 2010-க்குப் பிறகு மத்திய சர்க்கார் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கொடுத்துவந்த பணத்தைப் பெருமளவு வெட்டியது. அதன் பலனாக 2016 வரையிலான ஆறு வருஷத்தில் 343 புத்தகசாலைகள் மூடப்பட்டன என்றும், ஏறக்குறைய 8,000 பேருக்கு வேலை போயிற்று என்றும் பி.பி.சி. திரட்டிய கணக்கு சொல்லுகிறது.

மூடுகிறவர்கள் எடுத்தவுடனே மூடுவதில்லை. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனைக் கடித்த கதைதான். முதலில் திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பார்கள். வேலைக்குப் போகிறவன் மாலையில் வந்தால் கதவு பூட்டியிருக்கும். பிறகு புதுப் புத்தகம் வாங்குவதை நிறுத்துவார்கள். பிறகு ஆட்களைக் குறைப்பார்கள். கடைசியில், “வருகிறவர்களின் தொகை குறைந்துவிட்டது, ஆகையால் மூடலாம்” என்று கணக்குக் காட்டுவார்கள். கிணற்றுக் கயிற்றை அறுத்துவிட்டு, “ஒருவரும் தண்ணீர் இறைக்க வருவதில்லை, கிணற்றைத் தூர்த்துவிடலாம்” என்றால் அது கணக்கா, பித்தலாட்டமா?

இந்த இடத்தில்தான் “அபிப்பிராயம் கேட்டல்” வருகிறது. கேள்வித்தாள் ஒன்று அச்சடிப்பார்கள். “இன்னின்ன புத்தகசாலையை மூடுவது ஒரு வழி, மூடாமல் நேரத்தைப் பாதியாக்குவது ஒரு வழி, சம்பளமில்லாத தொண்டர்களிடம் ஒப்படைப்பது ஒரு வழி, உங்களுக்கு எது சம்மதம்?” என்று கேட்பார்கள். வெட்டவே வேண்டாம் என்று சொல்ல அதில் இடமிராது. வலது கையை வெட்டலாமா, இடது கையை வெட்டலாமா என்று கேட்டுவிட்டு, “அவன் இடது கையைத்தான் சொன்னான்” என்று எழுதிக்கொள்வதற்குச் சம்மதம் என்று பெயரா? பதிலைக் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பு என்பதும் சகஜம். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவன், சர்க்கார் உதவிப் பணத்துக்கு மனுப் போடுவதற்குக்கூட, புத்தகசாலைக் கம்ப்யூட்டரைத்தான் தேடி வருகிறான் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரியாதா?

நம்மூர்க் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் வைத்தாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று, பந்தல் போட்டாயிற்று, சமையற்காரனுக்கு அச்சாரமும் கொடுத்தாயிற்று. அப்புறம் பெண்ணைக் கூப்பிட்டு, “அம்மா, உனக்குச் சம்மதந்தானே?” என்று கேட்கிறார்கள். அவள் என்ன சொல்லுவாள்? சொன்னாலும் யார் கேட்பார்கள்? முடிவு செய்த பிறகு கேட்கிற கேள்வி கேள்வியல்ல, சடங்கு. சடங்கு வீட்டில் நடந்தாலும் தப்பு, முனிசிபாலிட்டியில் நடந்தாலும் தப்புத்தான்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அந்த நாட்டுக் கோர்ட்டுகளே சொல்லியிருக்கின்றன. 1985-ல் லண்டன் பிரெண்ட் பகுதியில் பள்ளிக்கூடங்களை மூடுவதைப் பற்றி வந்த வழக்கில் நாலு விதிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒன்று, முடிவு உருவாகாமல் இருக்கும்போதே கேட்க வேண்டும். இரண்டு, கேட்கப்பட்டவன் யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களை விளக்க வேண்டும். மூன்று, போதுமான அவகாசம் கொடுக்க வேண்டும். நாலு, வந்த பதில்களை மனச்சாட்சியோடு ஆராய்ந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். 2014-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டும் ஹாரிங்கே வரி வழக்கில் இதை உறுதி செய்தது. அங்கே ஏழைகளுக்கிருந்த வரிச் சலுகையைக் குறைக்க அபிப்பிராயம் கேட்டவர்கள், வேறு வழிகளும் இருந்ததை ஜனங்களுக்குச் சொல்லாமல், இருப்பது ஒரே வழிதான் என்பதுபோல் காட்டினார்கள். அது சட்டவிரோதம் என்று தீர்ப்பாயிற்று.

இனிப் புத்தகசாலைகளையே பார்ப்போம். விரால் என்ற பகுதியில் 24 புத்தகசாலைகளில் 11-ஐ மூட முடிவு செய்தார்கள். 2009-ல் மந்திரி விசாரணை வைத்தார். முடிவு வெளிவருமுன்பே மூடும் திட்டத்தைக் கைவிட்டார்கள். விசாரணையில் கண்ட குற்றம் என்ன? அந்தந்த இடத்து ஜனங்களுக்கு என்ன தேவை என்று கணக்கெடுக்காமலே மூடப் புறப்பட்டதுதான். 2011-ல் கிளாஸ்டர்ஷயர், சாமர்செட் என்ற இரண்டு ஜில்லாக்களின் முடிவுகளை ஹைகோர்ட்டு ரத்துச் செய்தது. வெட்டினால் பாதிக்கப்படும் முதியவர்கள், ஊனமுற்றவர்கள் முதலியவர்களைப் பற்றிச் சட்டப்படி யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை என்பது காரணம். 2018-ல் நார்தாம்ப்டன்ஷயர் 36-ல் 21-ஐ மூட முடிவு செய்தது. அதையும் ஹைகோர்ட்டு செல்லாது என்றது. பணத்தை மட்டும் பார்த்தீர்கள், மிஞ்சுவது சட்டம் சொல்லும் கடமைக்குப் போதுமா என்று பார்க்கவில்லை என்பதே அங்கே கண்ட குறை.

“அப்படியானால் கோர்ட்டுக்குப் போனால் ஜெயம்தான்” என்று நினைத்துவிடாதீர்கள். அதே பிரெண்டில் 12-ல் 6-ஐ மூடினார்கள். ஜனங்கள் வழக்குப் போட்டு 2011-ல் இரண்டு கோர்ட்டிலும் தோற்றார்கள். அந்த ஆறில் ஒன்றான கென்சல் ரைஸ் புத்தகசாலை 1900-ல் மார்க் ட்வெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் திறந்துவைத்தது. 2012-ல் ஒரு நாள் விடியுமுன் ஆட்கள் வந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பல வருஷம் போராடித்தான் ஊர்க்காரர்கள் அந்தக் கட்டிடத்தின் ஒரு பகுதியில், தாங்களே நடத்தும் சின்னப் புத்தகசாலையை 2019-ல் திறந்தார்கள். கோர்ட்டு பார்ப்பது முறைப்படி கேட்டாயா, முறைப்படி யோசித்தாயா என்பதைத்தான். முறைப்படி கேட்டு, முறைப்படி யோசித்து, முறைப்படி மூடினால் கோர்ட்டு தடுக்காது. கடைசிக் காவல் ஜனங்களே தவிர, ஜட்ஜுகள் அல்ல.

இனி எதிர்க்கட்சிக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டும். பணமில்லை என்பது வெறும் பொய்யல்ல. நார்தாம்ப்டன்ஷயர் 2018-லேயே, இனிப் புதுச் செலவு செய்ய வழியில்லை என்று சட்டப்படி அறிக்கை விட்டது. 2023-ல் பர்மிங்காம் நகரமும் அப்படியே விட்டது. முதியோரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் பராமரிக்கும் செலவு வளர்ந்துகொண்டே போகிறது. அதை நிறுத்த முடியாது. மேலும் நாம் கட்டிடத்தைக் கும்பிடுகிறவர்கள் அல்ல. பழைய இடத்திலிருந்து கடைத்தெருவுக்கோ பஸ் நிற்கும் இடத்துக்கோ மாற்றினால் அதிகம் பேர் படிப்பார்கள் என்றால், தாராளமாய் மாற்றட்டும். ஆனால் எந்த மாறுதலுக்கும் ஒரே கேள்விதான் உண்டு: இதனால் படிக்கிறவர் கூடுவார்களா, குறைவார்களா? “இரண்டு மைலில் இன்னொன்று இருக்கிறதே” என்பார்கள். மோட்டார் வைத்திருப்பவனுக்கு இரண்டு மைல் தூரமல்ல. கைத்தடி ஊன்றி நடக்கும் கிழவிக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும் அது வேறு தேசம். “தொண்டர்கள் நடத்தட்டும்” என்பார்கள். பென்ஷன் வாங்கும் படித்தவர்கள் நிறைந்த தெருவில் தொண்டர் கிடைப்பார்கள். இரண்டு வேலை பார்த்தால்தான் அடுப்பெரியும் என்கிற தெருவில் யார் வருவார்கள்? ஆகவே, எங்கே தேவை அதிகமோ அங்கேதான் முதலில் கதவு சாத்தப்படும்.

சரி, ஜனங்கள் செய்ய வேண்டியதென்ன? அழுது மனுக் கொடுப்பதல்ல. ஸ்டோனி ஸ்ட்ராட்போர்டு என்ற சிற்றூரைப் பாருங்கள். 2011-ல் அவர்கள் புத்தகசாலைக்கு ஆபத்து வந்தது. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? ஆளுக்கு எத்தனை புத்தகம் எடுக்கலாமோ அத்தனையையும் சட்டப்படி எடுத்துக்கொண்டு போனார்கள். சில நாளில் 16,000 புத்தகங்களும் போய் அலமாரிகள் காலியாகிவிட்டன! “இதை எடுத்துவிட்டால் எங்கள் ஊர் இப்படித்தான் இருக்கும்” என்று வாய் திறவாமல் காட்டினார்கள். புத்தகசாலை பிழைத்தது. இதைவிடச் சரியான அபிப்பிராயம் உண்டா?

ஆகவே, இப்படி ஒரு கேள்வித்தாள் உங்கள் கைக்கு வந்தால், “கடவுள் விட்ட வழி” என்று இருந்துவிடாதீர்கள். முதலில் கணக்கைக் கேளுங்கள். மிச்சமாகும் பணம் எவ்வளவு, வேறு எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று கேளுங்கள். தாளில் உள்ள வழிகள் மூன்றானால், நாலாவதை ஓரத்தில் எழுதுங்கள். “புத்தகசாலை ஊருக்கு அழகு” என்று எழுதாமல், எந்தக் கிழமை எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், மூடினால் அவர்கள் எங்கே போவார்கள் என்று விவரமாய் எழுதுங்கள். எழுதத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்காகவும் கேட்டு எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேள்வித்தாள் வருகிற வரையில் காத்திராமல் இன்றைக்கே உள்ளே போய் உட்காருங்கள்.

நம் நாட்டில் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிக்கொண்டு வருகிறோம். அது தருமமல்ல, நம் பணம். ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். பணம் கட்டுகிறவனுக்கு, அந்தப் பணத்தில் எத்தனை புத்தகம் வந்தது, மாலையில் விளக்கு எரிகிறதா, கதவு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்று கேட்க உரிமை உண்டா, இல்லையா? அந்தக் கேள்வியைத் திறந்திருக்கும்போதே கேட்டால் பதில் வரும். பூட்டுத் தொங்கின பிறகு கேட்டால் எதிரொலிதான் வரும்.

நாம் சொன்னதை அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்வதற்கு வேண்டிய புத்தகங்கள் இதோ, இந்தச் சுவரோரத்து அலமாரிகளில்தான் இருக்கின்றன.