தத்துப் பிள்ளையும் தலையெழுத்தும்
(சின்ன காஞ்சிபுரத்தில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இவ்வூர் நெசவுத் தோழர் ஒருவர் தம் சங்கடத்தை என்னிடம் சொன்னார். அவரும் அவர் துணைவியாரும் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றை இல்லத்திலிருந்து தத்தெடுத்து ஓராண்டாகிறது. குழந்தைக்குப் பேச்சுத் தாமதம். யார் கை நீட்டினாலும் போய்விடுகிறது. விழுந்து அடிபட்டாலோ தாயிடம் ஓடிவருவதில்லை. "எந்த ஜாதியில் பிறந்ததோ, ரத்தம் அப்படி" என்கிறார்கள் உறவினர்கள். ஜோசியரோ தலையெழுத்து என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்கிறார்.

உறவினர் பேச்சுக்கு மூலம் எது? பழைய இந்துச் சட்டத்தின் பொது விதிப்படி ஆணைத்தான், அதுவும் சொந்த ஜாதியில்தான் தத்தெடுக்கலாம். ஏன்? செத்தவனுக்குப் பிண்டம் போட! பிள்ளையின் நன்மை அதில் எங்கே இருக்கிறது? 1956-ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகே பெண்ணுக்கும் இடம் கிடைத்தது. சட்டம் மாறியும் புத்தி மாறவில்லை.

ரத்தமா, வளர்ப்பா என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். ருமேனியா தேசத்துச் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடுத்தார். வளர்க்க வகையற்றோரின் பிள்ளைகள் சர்க்கார் விடுதிகளில் நிறைந்தார்கள். 1989-இல் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது அங்கே லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். பின்னர் புக்கரெஸ்ட் நகர விடுதிகளில் 136 சிறு குழந்தைகளை எடுத்து, சீட்டுப் போட்டுப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி ஆராய்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் ஒட்டுதலிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்குமுன் போனவர்கள் மிகவும் தேறினார்கள். ரத்தமே காரணமென்றால் சீட்டு எப்படி அவர்களை மாற்றியிருக்கும்? தலையெழுத்தைச் சீட்டு திருத்தியதா?

காரணம் வெளிப்படையானது. குழந்தை மழலை பேசினால் ஒருவர் பதில் பேசவேண்டும். அழுதால் அதே முகம் வரவேண்டும். பல தொட்டிலுக்கு ஓர் ஆயா, வேளைக்கு ஓர் ஆயா என்றால் அது எப்படி நடக்கும்? வந்து தூக்க ஆளில்லாத குழந்தை அழுவதையே விட்டுவிடும். எல்லோரிடமும் போகும் குழந்தையைச் சமர்த்து என்கிறோம். 'இவள் என் தாய்' என்பதை அது இன்னும் கற்கவில்லை என்பதே பொருளாக இருக்கலாம்.

இல்லமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட நாட்டில், 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் உயிர் காக்க வந்ததுதான். ஆனால் இல்லம் தங்குமிடமே தவிர, வளருமிடமல்ல. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதானால், அதைத் தத்துக்கு உரியதென்று இரண்டு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் வருஷச் சட்டம். அதிகாரிகளுக்கு ஒரு மாதம் ஒரு கோப்பு. குழந்தைக்கு அது ஆயுளில் ஒரு பங்கு.

அந்தத் தோழருக்கு என் விடை இதுதான். ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போனவர்களில், ஆறு மாதத்துக்குமேல் விடுதியில் இருந்த பலருக்குக் கவனக்குறைவு முதலிய தொல்லைகள் பெரியவர்களான பின்னும் இருந்தன. ஆயினும் அறிவு வளர்ச்சியில் பின்தங்கியிருந்தவர்கள் வாலிபத்துக்குள் பெரும்பாலும் தேறிவிட்டார்கள். ஆகவே பொறுமை வேண்டும். ஊட்டுவதும் உறங்கவைப்பதும் நீங்கள் இருவருமே செய்யுங்கள். அது கேளாவிட்டாலும் தூக்குங்கள். தறியில் இருக்கும்போதும் அதனோடு பேசுங்கள். காதையும் பேச்சையும் டாக்டரிடம் காட்டுங்கள். பரிகாரப் பணம் அதற்கு ஆகட்டும்.

உறவினர்களே! அக்குழந்தை இழந்தது ஒரு மடியை. ஜாதி கேட்டு இன்னொரு முறை அதைத் தள்ளாதீர்கள்!