எல்லை தாண்டினால் ஈரச்சாலை

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக மலையேறினால், 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போடிமெட்டு வரும். அங்கே தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மழைக்கும் ஏறக்குறைய அதுதான் எல்லை. கீழே போடியில் சாலை காய்ந்து கிடக்கும். மேலே பூப்பாறைப் பக்கம் நனைந்து பளபளக்கும். குமுளியிலும் கம்பமெட்டிலும் இதே கதைதான். கோவையில் வெயிலோடு கிளம்பும் கார், வாளையாறு தாண்டிப் பாலக்காட்டு மழைக்குள் நுழைவதும் இப்படித்தான்.

காய்ந்த சாலையில் தேய்ந்த டயரின் குறை வெளியே தெரியாது. டயரில் உள்ள பள்ளங்களின் வேலையே தண்ணீரை ஒதுக்கித் தள்ளி, ரப்பரைத் தரையில் படவைப்பதுதான். ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவு இடத்தில்தான் தரையைத் தொடுகிறது. அந்த இடத்துக்குள் தண்ணீர் புகுந்தால் பிரேக்கும் கேட்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.

டயர் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “ரெண்டு டயர் மட்டும் மாத்துங்க, புதுசை முன்னாடி போட்டுடுங்க.” முன் சக்கரம்தானே திரும்புகிறது, பிரேக்கின் பெரும்பங்கும் அதில்தானே விழுகிறது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனாலும் புது டயர் போக வேண்டிய இடம் பின்பக்கம். ஏன் என்று பார்ப்போம்.

பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரங்களுக்குப் போகிறது. இறக்கத்தில் ஏற்கெனவே பாரம் முன்னால்தான். ஆக, இறக்கம், வளைவு, பிரேக் மூன்றும் சேரும் இடத்தில், தரையைப் பிடிக்கப் பின் டயர்களுக்கு மிஞ்சுவது கொஞ்ச பாரமே. முன் டயர் வழுக்கினால், ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். அது கையில் தெரிந்துவிடும். வேகம் தணிந்தால் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கும்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை. பின்பக்கம் வெளியே வீசும். பதறிப் பிரேக்கை மிதித்தால் பின்னால் இருந்த கொஞ்சநஞ்ச பாரமும் போய், வண்டியே சுற்றிக்கொள்ளும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்ற சாலையில் அதற்குப் பிறகு ஓட்டுநரால் செய்யக்கூடியது அதிகமில்லை.

2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் டயரில் இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

ஜீப் ஓட்டும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கர இழுவை போடாதபோது, ஜீப்பின் இன்ஜின் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே விழும். இறக்கத்தில் சின்ன கியர்தான் சரி. நியூட்ரல் கூடவே கூடாது. ஆனால் ஈர வளைவுக்குள் போன பிறகு சட்டென்று கியரைக் குறைத்தால் பின் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே குறைத்துவிடுங்கள்.

டயரைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பள்ளத்தில் கட்டை விரலை வைத்துத் தடவினால் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மிச்சமிருக்கும் ஆழம் 1.6 மில்லிமீட்டர். கார், ஜீப்புக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு அது; மலைச்சாலையில் அதுவரை காத்திருக்க வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வயதான ரப்பர் இறுகிவிடும். பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஈரத்தில் பிடிக்காது.

விடிவதற்கு முன் போடி, கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. உள்ளே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் பெண்களாகவே இருப்பார்கள். எந்த டயரில் போகிறோம் என்பதை முடிவு செய்வது அவர்கள் கையில் இல்லை. வண்டி வைத்திருப்பவர்களே, மழைக்காலத்துக்கு முன்பே நான்கு டயர்களையும் பாருங்கள். இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், நல்ல இரண்டையும் பின்னால் போடுங்கள். தொழிலாளத் தாய்மார்களே, ஏறும் முன் டயரைப் பாருங்கள்; மொட்டையாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.