ரெனுவாரின் விரல்கள்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் ஓவியங்களைப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். அவர் வரைவதைப் பார்த்திருக்கிறீர்களா? 1915இல் சஷா கித்ரி என்ற பிரெஞ்சுக் கலைஞர் எடுத்த சிறிய ஆவணப்படத்தில் அது பதிவாகியிருக்கிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன முதியவர். தூரிகையைக் கையில் பொருத்திவிடப் பக்கத்திலேயே இளைய மகன். தூரிகை சேர்ந்ததும் அந்தக் கை விறுவிறுவென்று ஓடுகிறது! அதே படத்தில் இன்னோர் ஓவியரான மொனே, வெள்ளை உடுப்போடு குளத்தோரம் நின்று, அடிக்கடி தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து வரைகிறார். ஓவியர் தெகா படமெடுக்க இணங்கவில்லை. தெருவில் நடந்துபோகையில் எடுத்துவிட்டார்கள்.

நம் மலையகத்து லுணுகலைப் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர்கள் தினமும் காண்பதுதான்: காலையில் தோட்டத்தில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டு நேரத்தில் பனிமூட்டத்தில் சாம்பலாகத் தெரியும் தேயிலை மலை, வெயில் ஏறியதும் வேறு பச்சை, பின்னேரம் இன்னொரு பச்சை. இந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் மொனே 1890, 91இல் வைக்கோற்போர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார்.

நம் தேயிலைக்கும் ஆவணப்படத்துக்கும் ஓவியத்துக்கும் ஓர் உறவுண்டு. தேயிலைப் பிரசாரச் சபைக்காக உருவாகி 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்துக்குக் குரல் கொடுத்தவர் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல முதலான நவீன ஓவியர்களின் '43 குழு' 1943இல் உருவாக முன்னின்றவரும் அவரே.

கித்ரி எடுத்த காட்சிகள் இணையத்தில் கிடைக்கின்றன. சித்திர ஆசிரியர்களே, ஒரு பாடவேளை போதும், காட்டிவிடுங்கள்.