உயிரோடு பிடிப்பவர்

(வானொலி மறையுரை – லூக்கா 5:1-11)



செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர்கள். பெற்றோர் பின்னால் நடந்தே பிள்ளைகள் தொழிலைக் கற்கிறார்கள்: மண்ணில் ஊர்ந்த தடம், வளை வாயில் கிடக்கும் சட்டை, எச்சம். கையில் ஒரு கடப்பாரை போதும். ஒரு காலத்தில் பிடித்த பாம்பைக் கொன்று, தோலை வியாபாரிகளிடம் விற்றார்கள்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது, பிழைப்பும் போனது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இப்போது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைச் சில வாரங்கள் மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். இத்தொழிலின் வல்லுநர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். பல ஆண்டு பழகிய கைகளும் அன்று மறுபடி புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. தோல் வேண்டுமென்றால் பாம்பு சாக வேண்டும். விஷம் வேண்டுமென்றால் அது உயிரோடு இருக்க வேண்டும்.

பேதுருவும் அப்படித்தான். வலையில் கைதேர்ந்தவரை, மனிதரைப் பிடிக்க ஆண்டவர் அழைத்தார். லூக்கா அங்கே எழுதும் கிரேக்கச் சொல்லுக்கு 'உயிரோடு பிடித்தல்' என்று பொருள். வலையில் அகப்பட்ட மீன் சாகும். பேதுருவின் கையில் அகப்படும் மனிதரோ வாழ வேண்டும். தேர்ந்த மீனவர் அன்று கற்றுக்குட்டியானார்.

நம் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் வருவோம். நாமும் ஆள் பிடிக்கிறோம். முன்பணம் கொடுத்து, கடன் தீரும்வரை வேறு ஆலைக்குப் போகாதே என்கிறோம். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுப்பது இதைத்தான். மருந்து அறையில் விதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை உட்கார வைக்கிறோம். புதிதாக வந்தவருக்கு உராய்வின் ஆபத்தைச் சொல்லித்தர நேரமில்லை என்கிறோம். இது தோல் வியாபாரம், சகோதரர்களே!

இந்த வாரம் நம்மையே கேட்போம்: என் பிடியில் இருப்பவர் யார்? வேலையாளா, கடன்பட்டவரா, வீட்டுக்கு வந்த மருமகளா? அவர் உயிரோடும் மானத்தோடும் இருக்கிறாரா? பிடியைத் தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்தும் மனத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.