பாட்டின் தரமும் ஆட்சியின் தீர்ப்பும்



திரையிசை தரம் தாழ்ந்துவிட்டது என்னும் குறை புதியதன்று. 1952-இல் இந்தியச் செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அக்குறையைச் சொல்லியே அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தார். சாத்திரிய இசையே மக்களின் செவியைப் பண்படுத்தும் என்பது அவர் கருத்து. மக்களின் செவியோ கடல் கடந்து இலங்கை வானொலியின் பக்கம் திரும்பிற்று. அவ்வானொலி திரைப்பாடல்களை அள்ளி வழங்கிற்று. விளம்பர வருவாயும் அதனையே நாடிச் சென்றது. இறுதியில் 1957-இல் விவித பாரதியைத் தொடங்கி, அரசே திரைப்பாடலுக்கு இடமளிக்க நேர்ந்தது.

ஈண்டு எண்ணத்தக்கது ஒன்றுண்டு. தாழ்ந்தவை என அன்று ஒதுக்கப்பட்ட ஐம்பதுகளின் பாடல்களே இன்று பொற்காலப் பாடல்கள் எனப் போற்றப்படுகின்றன. 1959-இல், 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் உழைப்பவர் உரிமையைத் திரையில் பாடியதும் அப்பத்தாண்டில்தான். ஆகவே, வீழ்ச்சி என்று தீர்ப்புரைக்குமுன், தீர்ப்பளிப்போர் எவர், அவர் கையிலுள்ள அதிகாரம் யாது என வினவுதல் வேண்டும்.

அதனால் இன்றைய பாடல்கள் யாவும் சிறந்தவை என்றாகிவிடாது. மெட்டுக்கு இரையாகிப் பொருளிழந்த சொற்கள் பலவுண்டு. எனினும் ஆணையால் சுவையைத் திருத்த இயலாது. நல்ல பாட்டால் இயலும். மெட்டுக்குள் நின்றே பொருளைக் காத்தவர் பட்டுக்கோட்டையார். அவ்வழி நடப்பது இன்றைய கவிஞர்களின் கடன்.